குட்டி பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஒரு வகை ஓணான்) வளரவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் குட்டிக்கு மூன்று மாதம். நன்றாகத்தான் தின்கிறது, ஆனால் ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது. இரையைக் கூட்டலாமா?

பதில்: அதற்கு முன் சூட்டைப் பாருங்கள். வெயில் காய்ந்தால்தான் இவற்றுக்குத் தின்றது செரிக்கும். தொட்டியில் சூட்டு விளக்கின் கீழே குட்டி படுத்துக் காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எதிர்மூலை 25 முதல் 29. கண்ணாடியில் ஒட்டும் வட்ட மானியை நம்பாதீர்கள், அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். என் முதல் குட்டி இப்படித்தான் வாடியது. மானியில் 40 இருந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் கல்லை அளந்தால் 33! கல்லை விளக்குக்குப் பக்கமாக உயர்த்தினேன். இரண்டே வாரத்தில் முதுகுத்தோல் வெளுத்து உரியத் தொடங்கியது, அதாவது குட்டி வளர ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கேள்வி: யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு பளிச்சென்று எரிகிறது. பிறகும் மாற்றணுமா?

பதில்: வெளிச்சம் வேறு, யூவிபி வேறு. குழல் எரிந்துகொண்டே இருக்கும், யூவிபி குறைந்துபோயிருக்கும். டி5 என்ற மெல்லிய குழல் விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் உதவாது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். யூவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியமும் உடம்பில் சேராது. விரல்கள் துடித்தாலோ தாடை மெத்தென்று இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எவ்வளவு இரை?

பதில்: தினம் இரண்டு மூன்று வேளை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்கிற அளவு. பூச்சி, குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். கீரை தினமும் இருக்கட்டும். மிஞ்சிய கிரிக்கெட் பூச்சிகளை இரவில் உள்ளே விடாதீர்கள், தூங்கும் குட்டியைக் கடிக்கும்.

கேள்வி: இரண்டு குட்டிகளை ஒன்றாக வளர்க்கிறேன். பெரியது சின்னதன் மேல் படுத்துத் தூங்குகிறது, பார்க்க அவ்வளவு பாசமாக இருக்கிறது. சின்னது மட்டும் வளரவில்லை.

பதில்: இன்றைக்கே பிரித்துவிடுங்கள். அது பாசமில்லை, பெரியது சூட்டையும் வெளிச்சத்தையும் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. சின்னது ஒரு முன்காலைத் தூக்கி மெதுவாக வட்டம் போடுகிறதா, கவனியுங்கள். கையசைத்து விளையாடுகிறது என்று நினைப்போம். உண்மையில் 'நான் அடங்கிப் போகிறேன், என்னை விட்டுவிடு' என்கிறது. நாள் முழுக்க அப்படிப் பயந்து கிடக்கும் குட்டிக்குத் தீனி எப்படி உடம்பில் ஒட்டும்? தனித்தனித் தொட்டி தவிர வேறு வழியே இல்லை.

கேள்வி: எல்லாம் சரியாக இருந்தும் வளரவில்லை என்றால்?

பதில்: புதிதாகப் போட்ட எச்சத்தை எடுத்துப்போய்ப் பரிசோதியுங்கள். காக்சிடியா, ஊசிப்புழு ஆகிய குடல் ஒட்டுண்ணிகள் இரண்டும் குட்டிகளில் சாதாரணம். ஆனால் பெருகிவிட்டால் வளர்ச்சியைத் தின்றுவிடும். மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடினோ வைரஸும் காரணமாக இருக்கலாம், அதற்குத் தனிச் சோதனை உண்டு. முடிவு வரும்வரை வேறு டிராகன் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, காலை இரைக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அப்புறம் மருத்துவரிடம் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவீர்கள்.