பேப்பர் பில்டரில் காபி: கேள்வி பதில்

கே: அண்ணா, தாள் வைத்துக் காபி வடிக்கிற வீ60 கோன் வாங்கினேன். வீட்டில் இருந்த பில்டர் காபிப் பொடியைப் போட்டேன். தண்ணீர் இறங்கவே இல்லை, ஒரே கசப்பு. கோன் சரியில்லையா?

கோன் மேல் குற்றமில்லை தம்பி, பொடிதான் காரணம். கடைப் பொடியில் பெரும்பாலும் சிக்கரி இருக்கும். அது நனைந்ததும் பிசுபிசுத்துத் தாளை அடைத்துக்கொள்ளும். டிகாக்ஷனுக்கு அது நல்லது, மெல்லச் சொட்டினால்தான் கள்ளிச்சொட்டாக இறங்கும். இங்கே மூன்று நிமிடத்துக்குள் மொத்தமும் இறங்க வேண்டும். சிக்கரி இல்லாத, மிதமாக வறுத்த அராபிகா வகைக் காபி வாங்குங்க. சிக்கமகளூரு, ஏற்காடு, எந்த மலைக் கொட்டையானாலும் சரி. பொடி விரலில் ரவை போல நெருடட்டும்.

கே: அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர். ஒரு சின்னத் தராசு கட்டாயம் வேண்டும். வறுப்புக்கு வறுப்பு கொட்டையின் கனம் மாறும், அதனால் ஸ்பூன் கணக்கு உதவாது.

தாளைக் கோனில் வைத்து வெந்நீரால் நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காகித வாடை போய்விடும். பொடியைப் போட்டுச் சமன் செய்து, கொதி அடங்கிய தண்ணீரில் 30, 40 மில்லி மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுங்கள். புதுப் பொடி என்றால் நடுவில் பொம்மென்று உப்பி, குமிழ் குமிழாக வெடிக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அது போனால்தான் தண்ணீர் உள்ளே சரியாக நுழையும். அப்புறம் மீதியை இரண்டு மூன்று தவணையாக, நடுவிலிருந்து வட்டமாக ஊற்றுங்கள். உப்பவே இல்லையா? பொடி பழசு.

கே: எனக்குப் புளிக்கிறது. வளைந்த மூக்குக் கெட்டில் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. தண்ணீர் சீக்கிரம் ஓடிவிட்டால் புளிக்கும், இன்னும் கொஞ்சம் நைசாக அரையுங்கள். கசந்து நாக்கு வறண்டால் கொரகொரப்பாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மிக்ஸியில் அரைத்தால் தூளும் குருணையும் சேர்ந்தே வரும், புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் கிடைக்கும். கையில் காசு இருந்தால் முதலில் கையால் சுற்றும் பர் கிரைண்டர், கொட்டையை ஒரே அளவாக அரைக்கும் பல்சக்கர அரைப்பான். கெட்டில் மெதுவாக வரட்டும்.

கே: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பரவாயில்லையா?

உப்பும் காரத்தன்மையும் மிகுந்த தண்ணீர் நல்ல புளிப்பை அமுக்கி, காபியைச் சப்பென்று ஆக்கிவிடும். குடிக்கிற கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அன்றே வித்தியாசம் தெரியும்.

கே: மாமனாருக்குக் கொலஸ்ட்ரால். அவர் இதைக் குடிக்கலாமா?

கொலஸ்ட்ராலைக் கூட்டும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப்பொருளைப் பெருமளவு தாளே பிடித்துக்கொள்கிறது. அந்த வகையில் வடிகட்டாத காபியைவிட இது மேல். எத்தனை கோப்பை என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள் அம்மா.

கே: தாள் தீர்ந்துவிட்டது. டிஷ்யூ போடலாமா?

வேண்டாம், நனைந்ததும் கிழிந்துவிடும். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மையார் தாளில் காபி வடிக்கும் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். மகனின் நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைத்தான் முதலில் வைத்துப் பார்த்தார். அது ஈரம் தாங்கும் தாள். அவசரத்துக்குக் கொதிநீரில் அலசிய மெல்லிய பருத்தித் துணி போதும்.

கே: பால் ஊற்றலாமா?

ஊற்றினால் காபி காணாமல் போய்விடும், இது அவ்வளவு மெல்லியது. பால் வேண்டும் என்கிற நாளில் பித்தளை பில்டரை எடுங்கள்.