ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டில் அந்த இரண்டு டயோடுகள் எதற்கு?

டிடிஏ2030 ஆம்ப்ளிஃபயர் ஐசி சர்க்யூட்டில் அவுட்புட்டிலிருந்து பிளஸ், மைனஸ் சப்ளைகளுக்குப் போகும் 1என்4001 டயோடுகள் இல்லாமலே பாட்டு நன்றாகக் கேட்கிறதே, பிறகு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும்தான். ஆனாலும் தயவுசெய்து அவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் வெறும் 8 ஓம் ரெசிஸ்டர் இல்லை, உள்ளே இருப்பது ஒரு காயில். காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. வால்யூமை முழுக்க ஏற்றியிருக்கும்போது ஐசிக்குள் இருக்கும் கரண்ட் லிமிட் குறுக்கிட்டு ஓட்டத்தை அறுத்தால், காயில் அதே கரண்டைத் தொடர்ந்து தள்ளப் பார்க்கும், அந்த வேகத்தில் அவுட்புட் வோல்டேஜ் ±14 வோல்ட் சப்ளையையும் தாண்டி எகிறும், ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்து போவது அங்கேதான். டயோடு இருந்தால் சப்ளையைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடியதுமே கரண்டை சப்ளை கெப்பாசிட்டருக்குள் திருப்பிவிடும். அதனால் ஐசியின் சப்ளை கால்களை ஒட்டியே 100 நானோஃபாரட், கூடவே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.

சரி, திசை. ஒரு டயோடின் வெள்ளைக் கோடு பிளஸ் சப்ளை பக்கம், மற்றதன் கோடு அவுட்புட் பக்கம். மாற்றிப் பற்றவைத்தால் பவர் போட்டதுமே ஷார்ட், ஆகவே சால்டர் வைக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

அப்புறம், அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 1 ஓம் ரெசிஸ்டர், 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஜோடி இந்த டயோடுகளுக்கு மாற்று அல்ல. அது ஐசி ஆசிலேட் ஆகாமல், அதாவது தானாகவே சிக்னலை உண்டாக்காமல் இருக்க. எல்எம்3886 என்ற இன்னொரு ஆம்ப்ளிஃபயர் ஐசியில், டயோடுகள் தரும் இந்த வோல்டேஜ் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது.