இரவில் மூன்று வரி எழுதினால் போதுமா?

மனதைத் தெளிவாக வைத்துக்கொள்ள உதவும் அன்றாடப் பழக்கங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? காலையில் பத்து நிமிடம் நடக்க ஆரம்பித்து 35 நாள் ஆகிறது. இன்னமும் என்னை நானே இழுத்துக்கொண்டுதான் போகிறேன். எனக்கு மன உறுதி போதாதா?

உங்கள் உறுதியில் குறையில்லை, அந்தக் கணக்கில்தான் குறை. 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் தங்களுக்கே பழக, நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று எழுதினார். வாய்க்கு வாய் போனதில் 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது போன்ற சின்னச் செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அந்த 66-ஐ வைத்துப் பார்த்தால் நீங்கள் பாதி வழி தாண்டியாயிற்று.

அதே ஆய்வில், இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பெரிய பாதிப்பு இல்லை. விட்ட நாளைவிட, 'எல்லாம் போச்சு' என்று மறுநாளும் விடுவதுதான் கெடுக்கிறது. நேற்று நடக்கவில்லையா? இன்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வாருங்கள், போதும்.

கேள்வி: தூங்கும் முன் அன்றைய நல்ல விஷயங்கள் மூன்றை எழுதுகிறேன். பத்து நாளிலேயே 'குடும்பம், உடல்நலம், வேலை' என்று ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். மனதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. எங்கே தவறு?

தவறு இரண்டு இடத்தில்.

முதலாவது, நீங்கள் எழுதுபவை தலைப்புகள். 'குடும்பம்' என்ற சொல்லைப் பார்த்து மனம் எதையும் நினைவுகூராது. அன்று நடந்த ஒன்றை, யார், எப்போது, என்ன என்று தெரியும்படி எழுத வேண்டும். 'மதியம் கணக்கு இடித்தபோது பக்கத்து மேஜைக்காரர் தானாக எழுந்து வந்து, மூன்றாவது வரியில் தப்பு என்று விரலை வைத்துக் காட்டினார்.' இப்படி எழுதும்போது அந்த விரல் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நொடியை இன்னொரு முறை வாழ்ந்துவிடுகிறீர்கள். பயிற்சியின் பலன் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, முக்கியமான ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே 'இது ஏன் நடந்தது?' என்பதையும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது. அந்த 'ஏன்' வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேலே சொன்ன உதாரணத்துக்குக் கீழே என்ன வரும்? 'போன வாரம் அவருக்கு நான் உதவியிருந்தேன்' என்று வரலாம், 'எனக்கு இடிக்கிறது என்பதை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னேன்' என்றும் வரலாம். நல்லது தானாக வந்து விழவில்லை, அதில் உங்கள் கையும் இருந்தது என்பது அப்போதுதான் புலப்படும்.

மூன்று விஷயத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். போன் வேண்டாம், எழுதத் திறந்தால் மெசேஜ் கண்ணில் படும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் தலையணைப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று கிடைக்காத நாளில் ஒன்று எழுதினால் போதும். இல்லாததை இழுத்துப் பிடித்து எழுதாதீர்கள்.

அப்படியும் சலித்தால் வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வில் வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட, வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. கடமைக்கு எழுதினால் மருந்து நீர்த்துப்போகும்.

கேள்வி: கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன், எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்' என்று தினமும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல மனம் இன்னும் சோர்ந்துபோகிறது. ஏன்?

நிறுத்திவிடுங்கள். 2009-ல் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்ற வகை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்பாத வாக்கியத்தை வாய் சொல்ல, உள்ளே 'பொய், பொய்' என்று பதில் எழும். அந்தப் பதில்தான் மனதில் தங்குகிறது.

உங்களால் மறுக்க முடியாத வாக்கியத்தைச் சொல்லுங்கள்: 'போன மாதம் இதே மாதிரி ஒரு வேலையை முடித்தேன். இன்று முதல் பக்கத்தை மட்டும் முடிக்கிறேன்.'

கேள்வி: தியானம், நடை, டயரி, புத்தகம் என்று ஆறு விஷயங்களுக்குப் பட்டியல் போட்டுக் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். நாலாம் நாளே நின்றுவிட்டது. மறுபடி எப்படி ஆரம்பிப்பது?

ஆறில் ஐந்தை அடித்துவிடுங்கள். மிச்சமுள்ள ஒன்றை, ஏற்கெனவே தவறாமல் செய்யும் வேலையின் வாலில் கட்டுங்கள். 'பல் துலக்கி பிரஷ்ஷை வைத்ததும், ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் நிற்பேன்.' எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் எண்ணியதை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பது உளவியலாளர் பீட்டர் கால்விட்ஸரின் ஆய்வுகளில் பலமுறை தெரியவந்தது. 'காலையில் தியானம் செய்வேன்' என்பதில் எந்த நொடியில் தொடங்குவது என்பது இல்லை. அந்த இடைவெளியில்தான் கை போனைத் தேடிப் போகிறது.

விழிப்பு நேரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். தூக்கத்தை வெட்டி வாங்கிய நல்ல பழக்கம் மதியத்துக்குள் எரிச்சலாகத் திரும்பி வரும். முதல் பழக்கம் நினைவூட்டல் இல்லாமலே நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம்.

கேள்வி: என் தங்கை மூன்று வாரமாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. பிடித்த பாட்டைக்கூடக் கேட்பதில்லை, விடியற்காலையிலேயே விழித்துவிடுகிறாள். இந்த நோட்டுப் பழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். பிடித்தவற்றில் நாட்டம் போவது, தூக்கம் கெடுவது, சோர்வு, பசி மாறுவது ஆகியவை சேர்ந்து, அனேகமாக நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் இந்த வாரமே அழைத்துப் போங்கள். அந்த நிலையில் இருப்பவரிடம் 'நல்லதை எழுது' என்றால், எழுத ஒன்றும் தோன்றாதபோது அதையும் தன் குற்றமாகவே எடுத்துக்கொள்வார்.

'சந்தோஷமா இரு' என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். 'உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்றால், மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அவளோடு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வழியில் பேச வேண்டும் என்ற கட்டாயம் இருவருக்குமே வேண்டாம்.