அலெக்சாண்ட்ரியா போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கெய்ரோவில் நான்கு நாள் தங்குகிறோம். அலெக்சாண்ட்ரியாவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

திரும்பலாம். ஆனால் ஓர் இரவு தங்குங்கள் என்றுதான் சொல்வேன். வேக ரயிலிலேயே ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒருநாள் டூர் வேனில் போனால் பாதிப் பகல் சாலையில் கழியும். மீதி நேரத்தில் நான்கு இடங்களில் இறக்கி, போட்டோ எடுக்கச் சொல்லி, மறுபடி ஏற்றிவிடுவார்கள். ஊர் களைகட்டுவதே வெயில் தாழ்ந்த பிறகுதான். கோர்னிஷ் என்ற கடலோரச் சாலையின் சுவர் நெடுக உள்ளூர்க் குடும்பங்கள் வந்து உட்கார்ந்து, சுட்ட சோளம் கொறித்தபடி அரட்டை அடிப்பார்கள். டூர் வேன் அந்நேரம் கெய்ரோ நெடுஞ்சாலையில் இருக்கும்.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: முதலில் சீதி காபர் நிலையம் வரும், அங்கே கூட்டம் இறங்கும். பழைய சின்னங்கள் இருப்பது கடைசி நிலையமான மிஸ்ர் பக்கம். உங்கள் ஹோட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

உலக அதிசயமான கலங்கரை விளக்கத்தில் இப்போது என்ன மிச்சம்?

கோபுரமாக ஒன்றும் இல்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எழுந்து, 100 மீட்டருக்கு மேல் நின்ற கட்டடம் அது. அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள், குறிப்பாக 14-ஆம் நூற்றாண்டில் வந்தவை, அதை முடித்துவைத்தன. அதே இடத்தில் 1477-இல் சுல்தான் கைத்பே கோட்டை கட்டத் தொடங்கினார். விழுந்து கிடந்த கற்களும் அதற்குப் பயன்பட்டன. கோட்டைக்கு வெளியே கடலடியில் பெரிய கிரானைட் கற்களும் சிலைகளும் கிடப்பதை 1990-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முக்குளித்து ஆவணப்படுத்தினார்கள்.

கோட்டைக்குள் பெரும்பாலும் வெற்று அறைகள். ஜன்னல் வழியே தெரியும் கடலும் மேல்தளக் காற்றும்தான் டிக்கெட்டுக்கு ஈடு. வெள்ளிக்கிழமை விடுமுறை நாள், கூட்டம் அதிகம். திரும்பும்போது அன்ஃபூஷி வழியாக நடந்து வந்தால் மரப்படகுகள் கட்டும் இடத்தைப் பார்க்கலாம். சாலையோரமே பெரிய பெரிய எலும்புக்கூடுகளாய் நிற்கும்.

பண்டைய சின்னங்களுக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். எதைப் பார்ப்பது?

கோம் எல் ஷுகாஃபா. இதை விட்டால் ஊருக்கு வந்ததில் பாதி வீண். பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக இறங்கும் நிலத்தடிக் கல்லறை, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1900-இல் ஒரு கழுதை குழிக்குள் விழப்போய்த்தான் வெளியே தெரியவந்தது என்று சொல்வார்கள். சுழல் படியில் இறங்கினால் முதலில் ஒரு விருந்து அறை. இறந்தவரின் உறவினர்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கல்லிலேயே திண்ணைகள் வெட்டியிருக்கிறார்கள். நம்மூர்த் திதிச் சாப்பாடு நினைவுக்கு வரும். சாப்பிட்ட பாத்திரங்களை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே உடைத்துப் போட்டதால் சேர்ந்த மேடுதான் இந்த இடம் என்பது வழக்கமான விளக்கம்.

முக்கியக் கல்லறை அறையின் வாசலில் நின்று நிதானமாகப் பாருங்கள். எகிப்தின் நரித்தலைக் கடவுள் அனுபிஸ், ரோமானிய சிப்பாயின் கவச உடுப்பில் நிற்கிறார். பாம்புகளின் தலையில் எகிப்திய இரட்டை மகுடம், அவற்றுக்கு மேலே கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தலோடு வரும் மெதூசாவின் முகம். மூன்று நாகரிகங்கள் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கீழே ஈரமும் வழுக்கலும் உண்டு, பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். மூட்டு வலிக்காரர்கள் படியை யோசித்து இறங்க வேண்டும்.

பக்கத்திலேயே பாம்பே தூண். ஒரே கல்லாலான தண்டு, மொத்த உயரம் ஏறக்குறைய 27 மீட்டர், சிவப்பு அஸ்வான் கிரானைட். பெயர்தான் ரோமானியத் தளபதி பாம்பேயுடையது (Pompey), நிறுத்தியது டயோக்ளீஷியன் பேரரசருக்காக. கால் மணி நேரம் போதும். நேரம் மிஞ்சினால் மிஸ்ர் ரயில் நிலையத்துக்கு அருகே கோம் எல் திக்கா: பளிங்குப் படிகளோடு சிறிய ரோமானிய அரங்கம், பக்கத்தில் அந்தக் காலத்து வகுப்பறைகளின் வரிசை. பலரும் அரங்கில் செல்ஃபி எடுத்துவிட்டு வகுப்பறைகளைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

நூலகம் போகத் தகுந்ததா? பழைய நூலகத்தை சீசர் எரித்தார் என்பது உண்மையா?

போகலாம். 2002-இல் திறந்த புதுக் கட்டடம்தான் என்றாலும், கடலை நோக்கிச் சாய்ந்த வட்டக் கூரையின் கீழ் படிப்படியாக இறங்கும் வாசிப்புக் கூடம் அசத்தும். பையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

சீசர் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. கி.மு. 48-இல் துறைமுகத்தில் அவர் வைத்த தீ பரவியது. எத்தனை நூல்கள் போயின என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. அதற்கும் நூறாண்டு முன்பே ஓர் அரசர் அறிஞர்களை ஊரைவிட்டு விரட்டியிருந்தார். ஆதரவு குறைந்து மெல்ல மெல்லத் தேய்ந்தது என்பதே பொருத்தமான விடை.

நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். காலையில் ஃபூல், அதாவது வேகவைத்து மசித்த அவரை வகை, ரொட்டியோடு. தாமியா என்பது நம் பருப்பு வடைக்குச் சொந்தக்காரன், அதுவும் அவரையில்தான். மதியம் கொஷாரி: அரிசி, மக்ரோனி, மைசூர்ப் பருப்பு, தக்காளிச் சாறு, மேலே பொரித்த வெங்காயம். முலுக்கியா என்ற கீரைக்குழம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் கோழி வேகவைத்த நீரில்தான் செய்வார்கள்.

இன்னொரு வழி: 'சியாமி' என்று கேளுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்கள் விரத நாட்களில் சாப்பிடும் உணவு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. சில விரதங்களில் மீன் உண்டு என்பதால் அதை மட்டும் தனியாக விசாரியுங்கள்.

அசைவர்கள் மீன் கடையில் தாங்களே மீனைப் பொறுக்கி எடுத்து, எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்லலாம். எடைக்கு என்ன விலை, சமையல் கூலி தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளியோபாட்ராவின் அரண்மனையைக் கடலுக்குள் முக்குளித்துப் பார்க்கலாமாமே?

முக்குளிக்க ஏற்பாடுகள் உண்டு. ஆனால் துறைமுகத் தண்ணீர் கலங்கல், பல நாட்களில் கைநீட்டும் தூரம்கூடத் தெளிவாகத் தெரியாது. அதே பணத்தில் கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்தைப் பொறுமையாகப் பாருங்கள், நீண்ட காலம் மூடியிருந்து 2023-இல் திறந்தது. கிளியோபாட்ராவின் கல்லறையோ இன்னும் கிடைக்கவில்லை. காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

குழந்தைகளோடு கடலில் குளிக்க எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோவே இங்கே வந்து இறங்கிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் புயல்காற்றும் உண்டு. எகிப்தில் மழையே இல்லை என்று நம்பிக் குடை இல்லாமல் வருபவர்கள் நனைவார்கள். நகர நடுக் கடற்கரைகளில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடே குளிப்பார்கள்; நீச்சலுடை வேண்டுமென்றால் ஹோட்டல் கடற்கரைகள் தோது.

டாக்சி, டிக்கெட் விஷயத்தில் ஏமாறாமல் இருக்க?

கறுப்பு-மஞ்சள் டாக்சியில் மீட்டரை எதிர்பார்க்காதீர்கள், ஏறும் முன் பேசிவிடுங்கள் அல்லது ஆப்பில் வண்டி பிடியுங்கள். அரசு நடத்தும் பழைய சின்னங்கள் பலவற்றில் டிக்கெட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு கையில் இருக்கட்டும்.

இந்த ஊருக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. சங்கப் பாடல்களில் வரும் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து மிளகும் தந்தமும் செங்கடல் வழியாக, ஒட்டக வழியிலும் நைல் படகிலும் இங்கேதான் வந்து சேர்ந்தன. அந்தச் சரக்குப் போக்குவரத்து பற்றிய 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று இப்போது வியன்னாவில் இருக்கிறது, அலெக்சாண்ட்ரியாவில் தேடாதீர்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், மேற்கே நூறு கிலோமீட்டர் அளவில் எல் அலமைன் போங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் அங்கே நடந்த சண்டையில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தென்கிழக்கு மூலையில், தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட 600-க்கும் மேற்பட்ட இந்தியப் படை வீரர்களுக்குத் தனி நினைவிடம் உண்டு. டாக்சியைப் போக, வரப் பேசிக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பது சிரமம்.