'டேக் இட் லையிங் டவுன்' என்றால் என்ன?

இந்த ஆங்கிலத் தொடரை 'படுத்தபடி எடுப்பது' என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம்தான். அநியாயம் நடக்கும்போது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பொறுத்துப் போவது என்று பொருள். பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: 'சும்மா விடமாட்டேன்' என்பதுபோல. நம் 'குட்டக் குட்டக் குனிவது' இதற்கு நன்றாகப் பொருந்தும்.

மட்டக்களப்பின் படுவான்கரையில் மாமா நெல் விற்றபோது, ஈரம் என்று சொல்லி வியாபாரி மூடைக்கு 2 கிலோ கழித்தார். மாமா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். 'டக்' என்று உடைந்தது. நன்றாகக் காய்ந்த நெல். ஆனாலும் பேசாமல் காசை வாங்கி மடியில் செருகினார். அதுதான் இந்தத் தொடர்.

மாமி விடவில்லை. மூடைமேல் கையை வைத்து, "திரும்ப நிறுங்க தம்பி" என்றார். மாமிக்கு இந்தத் தொடரின் முன்னால் 'டிடின்ட்' (didn't) என்ற மறுப்பைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.