ஞாயிறு ஆராதனைக்குப் புதுப் பாட்டு: எதை எடுப்பது?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிறு ஆராதனைக்கு மூன்று புதுப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஐயர் (போதகர்) வாலிபர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறார். யூடியூபில் நன்றாக ஓடும் பாட்டுகளைத்தான் எடுக்கிறோம். ஆனால் நாங்கள் நாலு பேர் மைக்கில் பாடுகிறோம், சபை நின்று வேடிக்கை பார்க்கிறது. ராக தாளத்தில் அமைந்த பழைய கிறிஸ்தவக் கீர்த்தனையை நாங்கள் கைவிட்டுவிட்டதாகப் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். எதை வைத்துப் பாட்டு எடுப்பது? ஆராதனையை லைவ் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, பெரியவர்களின் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். சபை வேடிக்கை பார்க்கிறது என்கிறீர்களே, அதுதான் பெரிய விஷயம். பாட்டு புதிது என்பதால் மட்டும் அப்படி ஆகாது. கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுப் பாட்டுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் ராகத்திலும் தாளத்திலும் எழுதினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதுவரை ஐரோப்பிய மெட்டில் ஞானப்பாட்டு பாடிப் பழகிய சபைகள் பல. கீர்த்தனை அங்கே நிலைத்ததற்குக் காரணம், சாதாரண ஜனங்களால் அதைப் பாட முடிந்தது.

என் சந்தேகம் எல்லாம் உங்கள் ஸ்கேல் (சுருதி) மேல்தான். ஸ்டுடியோவில் பதிவான பாட்டு, அந்தப் பாடகரின் குரலுக்காக அமைந்தது. பல்லவி கீழே முணுமுணுப்பாகத் தொடங்கும். கடைசியில் அதே மெட்டு ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வரம், மேலே ஏறும். கேட்கச் சிலிர்ப்பாக இருக்கும், சரி. பாடிப் பழகாத குரல் என்ன செய்யும்? கீழே சத்தம் வராது, மேலே எட்டாது, பேசாமல் வாயை மூடிக்கொள்ளும். ஆண் பாடகரின் ஸ்கேலை அப்படியே எடுத்தால் பெண்கள் பாடு இன்னும் திண்டாட்டம். பொதுவாகப் பெண்களுக்குக் கீபோர்டின் நடுவிலுள்ள சி-க்குச் சற்றுக் கீழேயுள்ள ஏ முதல் மேலே டி வரை வசதி. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிக்கொள்வார்கள். பாட்டின் உச்ச ஸ்வரம் எதுவென்று கீபோர்டில் தொட்டுப் பாருங்கள். எஃப், ஜி என்று போனால் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் எதற்கு இருக்கிறது? இறக்குங்கள். இறக்கியதும் ஆரம்ப வரிகள் யாருக்கும் கேட்காத ஆழத்துக்குப் போய்விட்டால், அது தனியாகப் பாட வேண்டிய பாட்டு. நல்ல பாட்டாகவே இருக்கலாம், சபைக்கு வேண்டாம்.

சனிக்கிழமை பிராக்டிஸில் கீபோர்டையும் டிரம்ஸையும் நிறுத்திவிட்டுக் கைத்தட்டலோடு மட்டும் பாடிப் பாருங்கள். அப்போது பாட்டு தொய்ந்து விழுந்தால், அதன் அழகு முழுக்க அரேஞ்ச்மென்டில் இருந்தது என்று அர்த்தம். ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழை உட்கார வைத்த பாட்டுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: குறில் இழுபட்டு நெடிலாகி, பொருளே மாறிப்போகும் இடங்கள் உண்டு.

அப்புறம் வரிகள். மெட்டை மறந்துவிட்டு, பாட்டை ஒரு தாளில் எழுதி, சங்கத்தில் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். தேவன் யார், என்ன செய்தார் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை என் உணர்வு, என் ஆசீர்வாதம், என் உயர்வு மட்டும்தானா? ‘நான்’ என்று பாடுவதில் தப்பே இல்லை, சங்கீதக்காரனும் அப்படித்தான் பாடினான். ஆனால் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடும் புலம்பலும்தான். 13ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்று கேட்டே தொடங்குகிறது. போன வாரம் கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண் மூன்று வெற்றிப் பாட்டுகளை வரிசையாக எப்படிப் பாடுவார்? மூன்றில் ஒன்றாவது அவர் வாயில் நுழையட்டும். வசனத்தை வெட்டி ஒட்டிய பாட்டாகத் தோன்றினால் வியாழக்கிழமைக்குள் ஐயரிடம் காட்டிவிடுங்கள். அந்த ஞாயிறின் பொருளையும் வேதபாடத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியம். துள்ளலான சிக்ஸ்-எயிட் தாளப் பாட்டை முடித்த கையோடு பாவ அறிக்கைக்கு முழங்காலிடச் சொன்னால் சபை தடுமாறும். அதை ஆரம்பத்திலோ காணிக்கை நேரத்திலோ வையுங்கள். திருவிருந்தில் புதுப் பாட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். ஜனங்கள் இடத்தை விட்டு வரிசையாக எழுந்து வரும்போது கையில் புத்தகமும் இருக்காது, ஸ்கிரீனும் கண்ணில் படாது. மனப்பாடமாக வரும் பழைய பாட்டுதான் அங்கே ஓடும். வரிசை முடியும்வரை சரணங்களைத் திரும்ப எடுக்கவும் வசதி.

மூன்று பாட்டும் புதிதாக இருந்தே ஆக வேண்டுமா என்று ஐயரிடம் பேசிப் பாருங்கள். என்னைக் கேட்டால் மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு தாராளம். முதல் ஞாயிறு காணிக்கை நேரத்தில் நீங்கள் மட்டும் பாடுங்கள், அடுத்த ஞாயிறு பல்லவியைச் சபைக்குச் சொல்லிக்கொடுங்கள், அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அதே பாட்டு. உங்களுக்குச் சலித்துப்போகும் நேரத்தில்தான் சபை அதைப் பிடித்துக்கொள்ளும். கடைசி வரியை எத்தனை தடவை திருப்புவது என்று முன்பே பேசி, ஸ்கிரீனிலும் போட்டுவிடுங்கள். மீதி இரண்டில் ஒன்று கீர்த்தனையாக இருக்கட்டும். புத்தகத்தில் அதன் தலைப்பிலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். கார்ட்ஸை அதன் மேல் திணிக்காமல் அந்த ராகத்திலேயே வாசிக்க ஒருவர் பழகிக்கொண்டால், பெரியவர்களிடம் தனியாகச் சமாதானம் பேச வேண்டியிருக்காது.

லைவ் விஷயம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கில் பாட்டைப் பாடுவதை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் வீடியோ யூடியூபில் நிரந்தரமாகக் கிடப்பது வேறு கதை. அதற்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைப்பதே நல்லது. மைனஸ் ட்ராக்கை (குரல் இல்லாத இசைப் பதிவை) ஓடவிட்டால் யூடியூப் தானாகவே கண்டுபிடித்து உரிமையாளர் பெயரில் கிளெய்ம் போட்டுவிடும், நீங்களே வாசித்தால் அந்த வாய்ப்பு குறைவு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த கீர்த்தனைகளின் வரிகளுக்கு அனுமதி தேவையில்லை. அதே கீர்த்தனையை இன்று ஒருவர் புதிதாகப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவுக்கு அவருக்கு உரிமை உண்டு.