மூணு மணிக்கு மேல தண்ணி ஏறாத சோலார் பம்பு

அண்ணாச்சி, தை மாசம் மாட்டின 5 எச்பி சோலார் பம்பு, ஆனி பிறந்ததுல இருந்து களக்காட்டு வாழைக்கு மூணு மணிக்கு மேல தண்ணி தரலை, மோட்டார் மட்டும் சுத்துதுன்னு எழுதியிருக்கீங்க. பேனலுக்கு வடமேற்கே பனைவரிசைன்னும் சொல்றீங்க. மோட்டாரைக் கழத்தாதீங்க, நிழலைப் பாருங்க.

களக்காடு பூமத்திய ரேகைக்கு சுமார் 8.5 பாகை வடக்கே இருக்கு. சித்திரை தொடங்கி ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிக்கும். ஆனியில மூணேகால் மணி வாக்குல பனை உயரத்துக்கே நிழல் கிழக்கு-தென்கிழக்கா விழும். தையில இது தெரிஞ்சிருக்காது.

15 பேனலும் ஒண்ணோட ஒண்ணு கோத்த ஒரே தொடர். நிழல் பட்ட பகுதியை, பேனலுக்குள்ள மாத்துவழி விடுற பைபாஸ் டயோடு ஒதுக்கிரும். வோல்டேஜ் இறங்கும், மோட்டாரை ஓட்டுற கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கும். மோட்டார் வேகத்தைக் காட்டுற ஹெர்ட்ஸ் 50-ல இருந்து 40 ஆனா பம்பு தண்ணியைத் தள்ளுற உயரம் 64 சதவீதம்தான். உங்க கிணத்து ஆழத்துக்கு அது பத்தாதுன்னா ஒரு சொட்டு ஏறாது. சாரல் மேகம் இல்லாத நாளாப் பார்த்து 12 மணிக்கும் மூணரை மணிக்கும் கன்ட்ரோலர்ல ஹெர்ட்ஸைக் குறிச்சா உறுதியாகிரும்.

நிழல் விழுற பேனலை மட்டும் தள்ளி நட்டு, 4 சதுர மி.மீ. டிசி கேபிள்ல அதே தொடர்ல சேருங்க. சாய்வும் திசையும் மத்ததைப் போலவே இருக்கணும். வெயில்ல ஐசொலேட்டரை (பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) அணைக்காம, பேனல் கேபிளைச் சேர்க்கிற எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. 500 வோல்ட்டுக்கு மேல டிசி, தீப்பொறி அணையாது, உயிருக்கே ஆபத்து. பொழுது அடைஞ்சப்புறம் செய்யுங்க. மானியத்துல போட்டதுன்னா 5 வருஷப் பராமரிப்பு உண்டு, அந்த ஆளையே வரச் சொல்லுங்க. பனையை வெட்டிராதீங்க, அதுக்குக் கலெக்டர் அனுமதி வேணும்.